வேரிசஸ்

கல்லீரல் நோயாளிகள் சிலரின் எண்டோஸ்கோபி ரிப்போர்ட்டில் 'ஈசோஃபேஜியல் வேரிசஸ்' என்று இருக்கும். ஈசோஃபேகஸ் உணவுக்குழாய். வேரிசஸ் என்பது 'வேரிக்ஸ்' என்ற லத்தீன் சொல்லின் பன்மை. வீங்கிப் புடைத்த சிரைகள் என்று பொருள். கெண்டைக்காலில் நெளிந்து தெரியும் 'வெரிகோஸ் வெயி'னும் இதே சொல்வழி வந்ததுதான். தமிழில் 'சுருள்சிரை' என்கிறார்கள். இந்தச் சிரை வடமொழி 'சிரா'விலிருந்து வந்தது. நல்ல சொல்தான், ஆனால் வார்டில் புழங்குவதில்லை.

கல்லீரல் தழும்பேறி இறுகினால், குடலிலிருந்து அதற்குள் போகவேண்டிய ரத்தம் வழியின்றி உணவுக்குழாய்ச் சிரைகளுக்குத் திரும்புகிறது. அவை உப்பி, சிலருக்கு வெடித்துவிடும்.

சிகிச்சைக்குப் பெயர் 'பேண்டிங்'. எண்டோஸ்கோப் நுனியில் ஒளி ஊடுருவும் சிறு மூடி; அதன் வெளிப்புறத்தில் ரப்பர் வளையங்கள். புடைத்த சிரையை மூடிக்குள் உறிஞ்சி இழுத்து, ஒரு வளையத்தை நழுவவிட்டால் அது சிரையின் அடியை இறுக்கிக்கொள்ளும். ரத்தம் கிடைக்காத முடிச்சு சில நாளில் உதிர்ந்து, அந்த இடம் தழும்பாகும். மூலத்துக்கு வளையம் போடும் முறையைப் பார்த்து 1980-களில் இதை உருவாக்கியவர் அமெரிக்க அறுவை மருத்துவர் ஸ்டீக்மன். இரைப்பையின் மேற்பகுதியில் சிரை புடைத்தால், வளையத்துக்குப் பதிலாகப் பெரும்பாலும் சிரைக்குள் பசையை ஊசியால் செலுத்துவார்கள்.

பேண்டிங் பெரும்பாலும் ஒரே தடவையில் முடியாது. சில வாரம் கழித்து மறுபடி வரச்சொன்னால் தவறாமல் போங்கள். இடையில் ரத்த வாந்தியோ, தார் போலக் கறுத்த மலமோ வந்தால் உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.