அஞ்சடி: பினாங்குத் தெருவோரத்தின் வரலாறு

பினாங்குத் தமிழர் நாவில் 'அஞ்சடி' என்றொரு சொல் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. ஜார்ஜ் டவுன் கடைவீடுகளின் முன்புறத்தில், மேல்மாடிக்குக் கீழே, தூண்வரிசைக்கு உட்புறமாகக் கடைக்குக் கடை தொடர்ந்து செல்லும் கூரையிட்ட நடைபாதையே அஞ்சடி. நம் நூல்கள் 'ஐந்தடிப் பாதை' என்று திருத்தமாக எழுதும். ஆயினும் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கியவர் எவரும் ஐந்தடிப் பாதையில் ஒதுங்கியதாகச் சொன்னதில்லை, அஞ்சடியில்தான் ஒதுங்கினர்.

ஐந்து, அஞ்சு ஆவது கொச்சை என்று மாணவர்க்குச் சொல்லித் தருவது எனக்கு உடன்பாடன்று. ஐகாரத்தின் அண்ணச் சாயல் அடுத்துவரும் பல்லொலியைத் தன்பால் இழுத்து அண்ணவொலியாக்கிவிட்டு, தான் அகரமாகக் குறுகிவிடுகிறது. 'வைத்து' என்பது 'வச்சு' ஆவதும் இவ்வழியில்தான். இது சோம்பல் அன்று, விதி. அடுத்து 'அடி' என்னும் சொல்லைப் பாருங்கள். உடலின் பாதம், நீட்டலளவை, ஒரு பொருளின் கீழ்ப்பகுதி, செய்யுளின் அடி எனப் பல பொருள் அதற்குண்டு. மலாய்மொழியின் 'காக்கி' என்பதும் ஏறத்தாழ அவ்வாறே காலையும் குறிக்கும், அளவையையும் குறிக்கும், மலையடிவாரத்தையும் குறிக்கும்.

மலாயில் இப்பாதைக்குக் 'காக்கி லீமா' என்று பெயர். 'லீமா' என்பது ஐந்து. ஆனால் ஐந்தடி நீளம் என்று சொல்ல வேண்டுமானால் மலாய் இலக்கணப்படி எண் முன்னே வந்து 'லீமா காக்கி' என்றாக வேண்டும். எண் பின்னே சென்று நின்றதால் அத்தொடர் அளவையைச் சொல்லும் வேலையை விட்டுவிட்டு ஒரு பொருளின் பெயராயிற்று. ஹொக்கியன் சீனரோ ஐந்தைக் குறிக்கும் தம் எண்ணுப்பெயரான 'கோ'வுடன் மலாய்க் 'காக்கி'யைச் சேர்த்துக்கொண்டனர். ஆங்கிலச் சட்டமொழியில் பிறந்த ஓர் அளவு மூன்று இனத்தார் வாயில் மூன்று விதமாக வடிவெடுத்தது. இந்தோனேசியாவில் அச்சொல் இன்னும் ஒரு படி நகர்ந்து தெருவோர வணிகரைக் குறிக்கும் தொடரில் நிலைபெற்றுவிட்டது. அளவு மறைந்து, இடமும் மறைந்து, அங்கே அமர்ந்து பிழைத்த மனிதர் மட்டும் சொல்லில் எஞ்சினர்.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1786இல் பிரான்சிஸ் லைட் இத்தீவைக் கைக்கொண்டபின் வகுத்த நகரம் சில நேர்த்தெருக்களே கொண்டது. இன்றைய சூலியா தெருவுக்கு அக்காலத்தில் மலபார் தெரு என்று பெயர். தென்னிந்தியக் கரையிலிருந்து வந்தோரைச் சுட்டிய பெயர் அது. காடு திருத்தவும் சாலை போடவும் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே இங்குக் கொண்டுவரப்பட்டனர். இந்நகரத்துத் தெருக்களின் அடித்தளத்தில் அவர்களுடைய உழைப்பு இருக்கிறது. அவர்களுள் ஒருவர் பெயரும் எந்தத் தெருப்பலகையிலும் இல்லை.

அத்தெருக்களில் நடப்போருக்கென்று தனியிடம் ஏதும் ஒதுக்கப்படவில்லை. மாட்டுவண்டியும் சுமைதூக்குவோரும் ஒரே மண்ணில் நெருக்கியடித்துச் சென்றனர். கூரையிட்ட நடைபாதையைக் கட்டாயமாக்கும் கருத்து இவ்வட்டாரத்தில் தெளிவான உருப்பெற்றது சிங்கப்பூரில்தான். 1822இல் ராஃபிள்ஸ் அந்நகருக்குத் திட்டம் வகுத்தபோது, வீடு ஒவ்வொன்றும் குறித்த ஆழமுள்ள ஒரு முன்தாழ்வாரத்தை விட்டுக் கட்டப்பட வேண்டும், அது தெருவின் இருமருங்கும் தொடர்ச்சியாக எந்நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று விதித்தார். அவர் 1805இல் அரசுப் பணியேற்று வந்திறங்கிய ஊர் பினாங்கு என்பதை இங்கு நினைவுகூரலாம். அவ்விதி நாளடைவில் நீரிணைக் குடியேற்றங்களின் பிற நகர்களுக்கும் பரவியது. ஐந்தடி என்பது ஏட்டளவே. பினாங்கில் அதனினும் அகன்ற தாழ்வாரங்கள் பல உண்டு.

அவ்விதியில் ஒரு சிக்கல் கருவிலேயே இருந்தது. நிலம் வீட்டுக்காரருடையது, நடக்கும் உரிமை ஊராருடையது. நம் திண்ணை அவ்வாறானதன்று. வழிப்போக்கர் திண்ணையில் அமர்ந்தால் அது வீட்டார் காட்டும் பரிவு, வேண்டாமென்றால் எழுப்பிவிடலாம். அஞ்சடியில் நடப்பவர் எவருடைய பரிவையும் நாட வேண்டியதில்லை. ஆயினும் கடைக்காரர் அதைத் தம் கடையின் நீட்சியாகவே கருதினர். 1888 பிப்ரவரியில் சிங்கப்பூர் நகராண்மையினர் தாழ்வாரங்களில் குவிந்திருந்த சரக்குகளை அகற்றப் புகுந்தபோது கடைகள் அடைக்கப்பட்டன, கலவரமே மூண்டது. வரலாற்றில் அது 'தாழ்வாரக் கலவரம்' எனப் பெயர் பெற்றது. ஐந்தடி அகலத்துக்காக ஒரு நகரம் கொந்தளித்தது என்றால் அந்த அகலத்தின் விலை என்னவென்று எண்ணிப் பாருங்கள்.

கடைக்காரர் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. நாணயம் மாற்றுவோர், முடிதிருத்துவோர், கடிதம் எழுதித் தருவோர், பூத்தொடுப்போர் எனக் கடைவாடகை கொடுக்க இயலாத எத்தனையோ பேருக்கு அஞ்சடியே தொழிற்கூடமாக இருந்தது. தமிழ் முஸ்லிம்கள் சோற்றையும் குழம்பையும் தோள்கம்பின் இருமுனையிலும் தொங்கவிட்டுச் சுமந்து விற்றதால் வந்த பெயர்தான் 'நாசி கண்டார்'. 'கண்டார்' என்பது தோள்கம்பிட்டுச் சுமத்தலைக் குறிக்கும் மலாய்ச்சொல். நாம் அச்செயலைக் 'காவுதல்' என்போம். சூலியா தெருவும் கிங் தெருவும் கூடும் முனையிலுள்ள நாகூர் தர்காவின் வெளித்தாழ்வாரத்தில் சிறுகடைகள் கட்டிடத்தோடு கட்டிடமாகவே அமைந்துவிட்டதை இன்றும் காணலாம். மலாயின் 'கெடாய்' நம் 'கடை'தான் என்பதை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் தாழ்வாரப் பாதையையும் நடைபாதை என்னும் வரையறைக்குள் கொண்டுவந்தது. 2008இல் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோ மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றபின் அஞ்சடியின் மதிப்பும் உயர்ந்தது. ஆயினும் ஒவ்வொரு வீட்டாரும் தத்தம் விருப்பப்படி தரையை உயர்த்தியும் தாழ்த்தியும் ஓடு பதித்துள்ளனர். சக்கர நாற்காலியில் வருபவர்க்கு அஞ்சடி தொடர்பாதை அன்று, பத்தடிக்கொரு படிக்கட்டு.

இதுவரை சொன்னது நகர்மையத்தின் கதை. புறநகருக்குச் சென்றால் நிலைமை வேறு. ஆயர் ஈத்தாம், ஜெலுத்தோங் போன்ற பகுதிகளின் சாலைகள் தோட்டங்களையும் சிற்றூர்களையும் துறைமுகத்தோடு இணைக்க எழுந்தவை. வேலியிட்ட தனிவீடுகளுக்கு அஞ்சடி விதி பொருந்தவில்லை. தார்ச்சாலையின் விளிம்பை அடுத்துத் திறந்த வடிகால், அதற்கப்பால் வேலி. நடப்பவர்க்குச் சாலையும் இல்லை, வடிகாலும் இல்லை. 1906இல் மின்சார டிராம் வந்தது, 1936இல் போயிற்று. அதன் இடத்தை ஏற்ற கம்பிவழிப் பேருந்தும் 1961இல் நின்றது. 1985இல் பாலம் திறந்தபின் பெருநிலத்து வண்டிகளும் சேர்ந்துகொண்டன. ஒவ்வொரு முறையும் சாலையின் நடுப்பகுதி அகன்றது, ஓரம் சுருங்கியது. பாலும் ரொட்டியும் நாளிதழும் மிதிவண்டியில் வீடுதேடி வந்த காலத்திலும் அவ்வண்டிக்கெனத் தனித்தடம் எவரும் கேட்கவில்லை. சாலை முழுவதும் அதற்கு உரியதாக இருந்தபோது கேட்பதற்குத் தேவையில்லை. பின்னர் கேட்பதற்கு ஆளில்லை.

ஆண்டுக்கொரு முறை மட்டும் இந்த அளவைகள் தலைகீழாகும். தைப்பூசத்தில் பினாங்குத் தெருக் கோவில் வீட்டிலிருந்து வெள்ளிரதம் தண்ணீர்மலை நோக்கிப் புறப்படும்போது, வண்டிகள் விலகிக்கொள்ள, வெறுங்கால்கள் சாலையின் முழு அகலத்தையும் பெறுகின்றன. மலாயில் 'ஜாலான்' என்பது சாலைக்கும் பெயர், நடத்தலுக்கும் வினை. தமிழிலும் 'ஆறு' என்னும் பழஞ்சொல் நீரோடும் வழியையும் மனிதர் செல்லும் வழியையும் ஒருங்கே குறித்தது. சாலை என்றால் வண்டி என்று பொருள்கொண்டது அண்மைக்காலத்து வழக்கமே.

குறுகிய புறநகர்ச் சாலையை நடைபாதையும் மிதிவண்டித் தடமும் கொண்டதாகத் திருத்த முற்படுவோர் முன்னுள்ள கேள்வி ஒன்றுதான்: அகலத்தை எங்கிருந்து எடுப்பது? வேலியை உள்ளே தள்ளினால் நிலத்துக்கு விலை கொடுக்க வேண்டும். வடிகாலை மூடினால் நடைபாதை கிடைக்கும். ஆனால் பெருமழையில் குப்பை அடைத்துக்கொண்டால் தூர்வார வழி விட்டிருக்க வேண்டும். ஓரத்துத் தூங்குமூஞ்சி மரங்களை வெட்டினால் நிழல் போய்விடும். இந்த வெயிலில் நிழலற்ற நடைபாதையில் எவரும் நடக்கமாட்டார். எஞ்சியிருப்பது வண்டிகள் ஓடும் பகுதி. சென்னையில் 2014இல் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கெனக் கொள்கை வகுத்தனர். 2019இல் பாண்டி பஜார் நடையர் வளாகமாகத் திறக்கப்பட்டபோது அங்கு எடுக்கப்பட்டது வண்டிகளின் பங்கிலிருந்துதான். என் கருத்தில், பினாங்கும் வடிகாலின் மேலும் வண்டிப்பாதையின் ஓரத்திலும்தான் இடம் தேட வேண்டும். மரத்தின்மேல் கைவைக்கக் கூடாது. வண்ணம் பூசிய கோடு மட்டும் மிதிவண்டித் தடம் ஆகிவிடாது என்பதை, அக்கோட்டின்மேல் நிறுத்தப்படும் வண்டிகளே காட்டிவிடுகின்றன.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளி வாயிலிலுள்ள சாலையை மாணவர்கள் ஓர் அளவுநாடாவால் அளக்கட்டும்: வேலி முதல் வடிகால்வரை எவ்வளவு, வடிகால் எவ்வளவு, தார் எவ்வளவு, நடப்பவர்க்கு எவ்வளவு. அளந்தபின் அவ்விடங்களுக்கு அக்கம்பக்கத்து முதியோர் தமிழிலும் மலாயிலும் ஹொக்கியனிலும் என்ன பெயர் சொல்கின்றனர் என்று கேட்டு, எண்ணுக்குப் பக்கத்தில் சொல்லையும் எழுதிவைக்கட்டும்.