தலைமன்னார் பியர்

இலங்கையின் மதவாச்சியில் கிளை பிரிந்து வரும் ரயிலுக்கு மன்னார்த் தீவின் மேற்கு முனைதான் எல்லை. கடைசி நிலையத்தின் பெயர் ‘தலைமன்னார் பியர்’. இறங்கிக் கடலோரம் போனால் அந்தப் பியரின், அதாவது கப்பல் துறையின், மிச்சம் தெரிகிறது: கடலுக்குள் வரிசையாக நடந்துபோகும் துருவேறிய இரும்புத் தூண்கள். “தெளிஞ்ச ராவில அந்தப் பக்கத்து இந்தியக் கரை வெளிச்சம் தெரியும்” என்றார் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர்.

பியர் பயன்பாட்டுக்கு வந்தது 1914இல். அந்த ஆண்டு பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறந்தது; அதுவரை தூத்துக்குடி வழியாகக் கொழும்புக்குப் போன பயணிகள் போக்குவரத்தும் தபாலும் எதிர்க்கரையிலிருந்த தனுஷ்கோடிக்கு மாறின. சென்னை எழும்பூரில் எடுத்த ஒரே சீட்டில் கொழும்பு வரை போக முடிந்தது. நடுவில் கடல் சுமார் 35 கிலோமீட்டர்தான்.

அந்தச் சீட்டில் வந்த கனவான்களைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. எனக்கு இந்தப் பியர், ஆள்பிடித்துக் கூட்டிவந்த கங்காணிகளோடு இலங்கைக்கு வந்த தோட்டத் தொழிலாளர்களின் வாசல். இந்தியக் கரையிலிருந்த மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமில் அவர்களை நிறுத்தி, நோய் இல்லை என்று பார்த்த பிறகே கப்பலேற விட்டார்கள். முந்திய தலைமுறைகள் இந்த மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்தன. காலராவில் வழியிலேயே மடிந்தவர்கள் ஏராளம். பியரில் இறங்கியவர்களுக்காவது ரயில் காத்திருந்தது.

1964இல் இரண்டு அடிகள் விழுந்தன. அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இந்திய வம்சாவளியினர் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் ஏற்கனவே நாடற்றவர்களாகிப் போனவர்கள் அவர்கள். ஒப்பந்தம் போடுமுன் போகவா, இருக்கவா என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. இரண்டு மாதம்கூட ஆகவில்லை; டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. எதிர்க்கரைத் துறை போனாலும் தலைமன்னார் பியர் ஓயவில்லை. கப்பல் ராமேஸ்வரத்துக்குப் போகத் தொடங்கியது.

அதன்பின் பியர் கண்டது வருகையை அல்ல, அனுப்பிவைப்பை. தேயிலைத் தோட்டங்களின் மலையகத்திலிருந்து வந்த ரயிலுக்கு மக்கள் இட்ட பெயர் ‘அழுகைக் கோச்சி’. தேயிலைக்கு நடுவே பிறந்து, இந்தியாவை ஒருநாளும் பார்த்திராதவர்கள் ‘தாயகம் திரும்பியோர்’ என்ற முத்திரையோடு ‘ராமானுஜம்’ கப்பலில் ஏறினார்கள். ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு இந்தியா, தங்கைக்கு இலங்கை என்று பிரிந்த வீடுகள் உண்டு. தாத்தாவைக் கப்பலேற விட்ட அதே மண்டபம் முகாம், பேரனை வாங்கிக்கொண்டது.

1984இல் கப்பல் நின்றது. 1990இல் போர் தண்டவாளத்தையும் தின்றது. 2015 மார்ச்சில் ரயில் திரும்பியது, கப்பல் திரும்பவில்லை. 2023இல் மீண்டும் தொடங்கிய பயணிகள் கப்பலும் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குத்தான் போகிறது. அதே ஆண்டில் மலையக மக்கள் வந்த 200 ஆண்டை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு கூட்டம் நடந்தே போனது.

உப்புக்காற்று இந்த இரும்பை விட்டுவைக்காது. நம் கையில் மிஞ்சுவது காகிதமும் நினைவும்தான். கூடலூரிலோ கோத்தகிரியிலோ அட்டனிலோ இதைப் படிப்பவர் வீட்டுத் தகரப்பெட்டியில் அந்தக் காலத்துக் கடவுச்சீட்டோ குடும்ப அட்டையோ இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பாட்டி உயிரோடு இருந்தால், எந்த வருடம் கப்பலேறினார், கரையில் யாரை விட்டுவந்தார் என்று கேட்டு, இன்றே எழுதி வையுங்கள்.