சங்கரதாஸ் சுவாமிகளும் தமிழ் இசை நாடகமும்

சேலம் மாவட்டத்தில் ஜலகண்டாபுரம், ஓமலூர், மேட்டூர் வட்டாரம் தெருக்கூத்துக்குப் பேர்போனது. திராவிட இயக்க நாடகாசிரியர் ஜலகண்டாபுரம் ப. கண்ணன் இவ்வூர்ப் பெயரைத் தம் பெயரோடு சேர்த்து ஊரறியச் செய்தார். விடிய விடிய நடக்கும் கூத்துக்கும் பிற்காலச் சமூக நாடகத்துக்கும் நடுவே, ஏறத்தாழ 1890 முதல் 1930கள் வரை, தமிழகத்தின் பொழுதுபோக்கை ஆண்டது இசை நாடகம். அதன் பாட்டும் வசனமும் பெரும்பகுதி ஒரே மனிதரிடமிருந்து வந்தவை. அவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள்.

சங்கரதாஸ் 1867 செப்டம்பர் 7 அன்று தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கற்றார். உடுமலை முத்துசாமிக் கவிராயர் அங்கே அவருடன் பயின்றவர். தண்டபாணி சுவாமிகள் வண்ணப் பாடல்களில் வல்லவர். தாளக்கட்டுக்குள் சொல்லை அடைக்கும் பயிற்சி மாணவருக்கு இளமையிலேயே வாய்த்தது. சில காலம் உப்பு வணிக நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதியவர், 24 வயதில் அதை விட்டுவிட்டு நாடகத்துக்கு வந்தார்.

முதலில் அவர் நடிகர். இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன் ஆகிய வேடங்கள் அவருக்கே உரியவையாக இருந்தன. எமன் வேடத்தில் அவர் போட்ட ஆர்ப்பாட்டத்தைக் கண்டு கர்ப்பிணி ஒருவருக்குக் கரு கலைந்ததாகவும், அந்த மனவேதனையே அவரை வேடம் கட்டுவதிலிருந்து விலக்கியதாகவும் நாடக உலகில் சொல்லப்படுகிறது. காரணம் எதுவாயினும், ஆசிரியராக மாறியதே தமிழுக்குக் கிடைத்த லாபம். இடையில் துறவு மனத்தோடு தலயாத்திரை போனார். சுவாமிகள் என்ற பெயர் நிலைத்தது. புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளையின் ஆதரவில் தங்கியிருந்த காலத்தில் லயநுட்பம் கற்றார். மீண்டும் நாடகத்துக்குத் திரும்பியதும் அவர் தூண்டுதலாலேயே.

சுவாமிகளை இசையமைப்பாளர் என்று இன்றைய பொருளில் சொல்லிவிட முடியாது. புதிய மெட்டு பிறப்பிப்பது அவர் முதல் வேலையன்று. கீர்த்தனை மெட்டு, காவடிச் சிந்து, நாட்டுப்புற மெட்டு, ஊர் ஊராக வந்த பார்சி கம்பெனிகள் விட்டுச்சென்ற இந்துஸ்தானி மெட்டு ஆகியவற்றை எடுத்து, அவற்றில் தமிழ்ச் சொல் பிசிறில்லாமல் உட்காரும்படி பாட்டுக் கட்டினார். அதன் நடுவே வெண்பாவும் விருத்தமும் வரும். வசனத்தில் குறளும் நாலடியாரும் எட்டிப் பார்க்கும். வள்ளி திருமணத்தில் வள்ளிக்கும் வேடனாக வரும் முருகனுக்கும் நடக்கும் தர்க்கத்தைக் கேட்டவர்களுக்கு இது விளங்கும். எழுத்தறியாத மக்கள் செய்யுள் இலக்கியத்தைக் காதால் படித்த பள்ளிக்கூடம் இந்த மேடைதான்.

1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையை நிறுவினார். அதே ஆண்டில் அமெரிக்காவில் விக்டர் ஹெர்பர்ட்டின் 'நாட்டி மேரியட்டா' மேடையேறியது. இருவரும் ஏறக்குறைய ஒரே காலத்தவர்: ஹெர்பர்ட் 1859-1924, சுவாமிகள் 1867-1922. இருவரின் பாட்டையும் தெருவில் போகிறவர்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் ஹெர்பர்ட் 1914இல் மற்ற இசைக்கலைஞர்களோடு சேர்ந்து உரிமைத்தொகை வசூலிக்கும் சங்கம் அமைத்தார். உணவு விடுதியில் தம் பாட்டை வாசித்ததற்காக வழக்குத் தொடுத்து, 1917இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றார். சுவாமிகளின் நாடகங்களுக்கு அப்படியொரு பாதுகாப்பு இருக்கவில்லை. எந்தக் கம்பெனியும் போடலாம், எந்த நடிகரும் பாடலாம், கைப்பிரதியைப் பார்த்துப் பிரதி எடுக்கலாம். அவர் எழுதியவை ஏறத்தாழ 40 என்பாரும் 68 என்பாரும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். சில நாடகங்கள் பெயரளவில் மட்டுமே மிஞ்சின.

வளர்ந்த நடிகர்களோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. எழுதிக்கொடுத்ததை விட்டுவிட்டு மனம்போனபடி பேசுவதும், ஒருவரையொருவர் மட்டம்தட்டப் பாடுவதும் அவருக்குப் பொறுக்கவில்லை. ஆகவே சிறுவர்களை வைத்துக் கட்டுப்பாடான நாடகம் நடத்தும் பாய்ஸ் கம்பெனி முறைக்கு வந்தார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை உருவாயிற்று. சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி எனப் பின்னாளில் டி.கே.எஸ். சகோதரர்களாகப் புகழ்பெற்றவர்கள் அங்கே சேர்ந்தவர்களே. சிறுவன் சண்முகத்துக்காக 'அபிமன்யு சுந்தரி' முழுவதையும் ஒரே இரவில் சுவாமிகள் எழுதி முடித்ததை, அவரே 'எனது நாடக வாழ்க்கை' நூலில் வியப்போடு நினைவுகூர்கிறார். குழந்தைகளை வீட்டிலிருந்து பிரித்து ஊர் ஊராக அழைத்துச்சென்ற இம்முறையின் கடுமையை மறைப்பதற்கில்லை. ஆனால் தமிழ்த் திரையின் முதல் தலைமுறை நடிகர்களில் பலர் இத்தகைய கம்பெனிகளில்தான் குரலும் உச்சரிப்பும் பழகினார்கள். எஸ்.ஜி. கிட்டப்பாவும் இளவயதில் சுவாமிகளின் சபையில் இருந்தவரே.

இறுதிக்காலம் கொடுமையானது. பக்கவாதத்தால் கை கால் விளங்காமல், பேச்சும் இழந்து, தம் சிறுவர்கள் பாடுவதைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் காலமானார்.

அவர் மறைந்த 12 ஆண்டுகளில், 1934இல், 'பவளக்கொடி' திரைப்படமாயிற்று. மேடையில் அதே நாடகத்தில் பாடிவந்த எம்.கே. தியாகராஜ பாகவதரும் எஸ்.டி. சுப்புலட்சுமியும் அதில் அறிமுகமானார்கள். படத்துக்குப் பாட்டெழுதியவர் பாபநாசம் சிவன். கொட்டகைகள் ஒவ்வொன்றாகத் திரையரங்குகளாயின. சேலத்திலேயே மாடர்ன் தியேட்டர்ஸ் எழுந்தது.

கம்பெனிகள் கலைந்தபின்னும் சுவாமிகளின் நாடகம் சாகாததற்குக் காரணம், மேலே குறையாகச் சொன்ன அதே உரிமையின்மை. 'ஸ்பெஷல் நாடகம்' என்ற முறையில் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் மற்றோர் ஊரிலிருந்தும், பபூனும் ஹார்மோனியக்காரரும் வேறு ஊர்களிலிருந்தும் வருவார்கள். ஒத்திகை கிடையாது, சிலர் ஒருவரையொருவர் முதன்முதலாகப் பார்ப்பதே ஒப்பனை அறையில்தான். ஆனாலும் இரவு பத்து மணிக்கு ஹார்மோனியத்தில் சுதி எழுந்ததும் நாடகம் தடங்கலின்றி ஓடும். எல்லோருக்கும் சுவாமிகளின் பாடம் மனப்பாடம். இவர் எந்த அடியில் நிறுத்துவார், அவர் எந்த மெட்டில் எடுப்பார் என்பது முன்பே தெரியும். மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் பகுதிகளின் கோயில் திருவிழாக்களில் வள்ளி திருமணம் இன்றும் இப்படித்தான் நடக்கிறது. மதுரையில் நாடக நடிகர் சங்கமே சங்கரதாஸ் சுவாமிகள் பெயரைத் தாங்கியிருக்கிறது.