வெள்ளாவியும் வெயிலும்



அடைமழைக் காலத்தில் பட்டுப்புடவையிலும் நாட்டிய உடைகளிலும் பூஞ்சணம் பிடித்து வாடை வந்தால், சென்ட் அடித்து மறைக்கப் பார்க்கிறோம். இதைப் போக்குவதையே தொழிலாகக் கொண்டவர்களின் வரலாறு நீண்டது.

நற்றிணையின் 90ஆம் பாடலில், திருவிழா ஊரில் கை ஓயாமல் துணி வெளுத்துக் கஞ்சி போடும் பெண் வருகிறாள். சங்க இலக்கியம் அவளைப் புலைத்தி என்கிறது.

வண்ணார்கள் பருத்தித் துணியை உவர்மண் கரைசலில் நனைத்து, வெள்ளாவிப் பானைமேல் அடுக்கி அவிப்பார்கள். உவர்மண்ணின் காரம் பிசுக்கை எடுக்கும். ஆவியின் சூடு பூஞ்சையைக் கொல்லும். மறுநாள் வெயில் ஈரத்தையும் வாடையையும் போக்கும். பட்டுக்குக் காரம் ஆகாது. அதற்குப் பூந்திக்கொட்டை நுரைதான்.

வெயில் இல்லாவிட்டால்? 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில், காஞ்சிபுரத்துத் திருக்குறிப்புத்தொண்டர் ஓர் அடியவரின் கந்தையை மாலைக்குள் வெளுத்துத் தருவதாக ஒப்புக்கொள்கிறார். மழை விடவில்லை. சொன்ன சொல் தவறியதே என்று துணி துவைக்கும் கல்லில் தலையை மோதுகிறார். அடியவராக வந்த இறைவன் தடுத்தாட்கொண்டார் என்பது புராணம். ஈரத்துணியோடு வானத்தைப் பார்த்து நின்ற ஒரு தொழிலாளியின் தவிப்பும் அதில் இருக்கிறது.

63 நாயன்மார்களில் ஒருவராக அவரைக் கும்பிட்ட ஊர், அதே தொழில் செய்தவர்களைத் தாழ்த்தியே வைத்தது. நம் பிள்ளைகளுக்கு இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

மழை விட்டதும் பருத்தியை வெயிலிலும் பட்டை நிழல்காற்றிலும் உலர்த்துங்கள். நன்றாகக் காயாத துணியை மட்டும் பெட்டியில் வைக்காதீர்கள்.