ஒண்டுக்குடித்தனமா, தனி வீடா?

ஒரு சர்வரைப் பலருக்குப் பிரித்து வாடகைக்கு விடுவதுதான் விபிஎஸ். யோசனை பழசு. ஒரே பெருங்கணினியை ஆளுக்கொரு கணினி போலக் காட்டும் விஎம்/370-ஐ ஐபிஎம் 1972-லேயே அறிவித்தது. 1999-ல் விஎம்வேர் அதைச் சாதாரண பிசிக்கும் கொண்டுவந்தது.

வேலையில் இருந்தபோது, ஓய்வூதியக் கணக்குக்கு விபிஎஸ் போதும், வாடகை குறைவு என்று எழுதிக் கொடுத்தவன் நான்தான். ஒண்டுக்குடித்தனத்தில் கிணறு ஒன்று என்பதை மறந்துவிட்டேன். ஒரு மாதக் கடைசியில் அதே சர்வரில் இருந்த வேறு யாரோ டிஸ்க்கை முழுக்க இழுத்துக்கொள்ள, எங்கள் பட்டியல் நகரவே இல்லை. பணம் ஒரு நாள் தாமதம். மருந்துச் சீட்டோடு வந்து நின்ற பெரியவரின் முகம் இன்னும் மறக்கவில்லை. பிறகு டெடிகேட்டட் சர்வருக்கு மாறினோம்.

கடைக்கு வலைத்தளம் தொடங்கும் பேரன் எதை எடுக்கலாம் என்று கேட்டான். "உனக்கு விபிஎஸ் போதும்டா. ஆனால் தாமதமானால் கஷ்டம் யாருக்கு என்று முதலில் பார்" என்றேன்.