சீகிரியாச் சுவரும் தம்புள்ளைச் சாலையும்

சீகிரியாவைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் காசியப்பனில் தொடங்கிக் காசியப்பனிலேயே முடித்துக்கொள்வர். தந்தை தாதுசேனனைக் கொன்று அரியணை ஏறியவன் அவன். அனுராதபுரத்தை விட்டகன்று, ஏறத்தாழ 200 மீட்டர் உயரமுள்ள குன்றின்மேல் அரண்மனை அமைத்து, கி.பி. 477 முதல் 495 வரை ஆண்டான். இந்தியாவுக்குத் தப்பிச் சென்றிருந்த தம்பி மொகல்லானன் படையுடன் திரும்பியபோது தோற்று உயிரை மாய்த்துக்கொண்டான் என்கிறது சூளவம்சம்.

எனக்கு அக்குன்று முக்கியமானது வேறொரு காரணத்தால். என் தந்தையார் பிறந்ததும் அதே மாத்தளை மாவட்டத்தில்தான், ஒரு தோட்ட லயத்தில். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. இந்தியாவின் பங்கில் அவரும் ஒருவராகித் தலைமன்னாரில் கப்பலேறினார். ஆனால் ‘ஊர்’ என்று அவர் சொன்னால், கடைசிவரை அது மாத்தளைதான்.

அவ்வூரைக் காணச் சென்ற எனக்கு வழிகாட்டியவர், அங்கேயே பிறந்து வளர்ந்த சிங்களப் பெரியவர் ஒருவர். நல்ல தமிழ் பேசினார். நேரே லயத்துக்கு அழைத்துச் செல்வார் என எண்ணியிருந்தேன். அவரோ வண்டியை வடக்கே தம்புள்ளை நோக்கித் திருப்பினார். “உங்கள் முன்னோர் நடந்து வந்த பாதை இது ஐயா. இதைப் பார்த்த பிறகு தோட்டத்தைப் பாருங்கள்” என்றார்.

அவர் சொன்னது வரலாறு. 1830களில் கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது, தமிழகத்துக் கூலிகள் தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே அனுராதபுரம், தம்புள்ளை கடந்து மாத்தளைக்கு நடந்தனர். குடிக்க நல்ல நீரில்லை; தங்க நிழலில்லை. வாந்திபேதியும் காய்ச்சலும் அவர்களை வழியிலேயே வீழ்த்தின. 1840களில் மட்டும் தோட்டத் தொழிலாளரில் 70,000 பேர் மாண்டிருக்கலாம் என்று கொழும்புப் பத்திரிகையொன்று 1849இல் மதிப்பிட்டது. மதிப்பீடுதான், பெயர்ப் பட்டியல் எவரிடமும் இல்லை.

தம்புள்ளைக்கு அப்பால் இனாமலுவைச் சந்தியில் திரும்பி, சீகிரியாவுக்குச் சென்றோம். அங்கே கண்ணாடிச் சுவர் இருக்கிறது. ஓவியப் பெண்களைக் காண வந்த பயணிகள், பெரும்பாலும் 8ஆம் நூற்றாண்டு முதல் 10ஆம் நூற்றாண்டு வரை, அதில் சிங்களக் கவிகளைக் கீறிச் சென்றனர். பலர் தம் பெயரையும் ஊரையும் சேர்த்தே எழுதினர். பேராசிரியர் பரணவிதான அவற்றுள் 685 கவிகளைப் படித்து 1956இல் பதிப்பித்தார்.

அச்சுவர்முன் நின்றபோது எனக்கு எழுந்த எண்ணம் இதுவே. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் உல்லாசமாக வந்துபோனவரின் ஊரும் பேரும் நமக்குத் தெரிகின்றன. அக்குன்றிலிருந்து சில மைல் தொலைவில், நூற்றைம்பது, இருநூறு ஆண்டுகளுக்கு முன் நடந்து மடிந்தவரின் ஊரும் பேரும் தெரியவில்லை. முன்னவர்க்கு எழுத்து இருந்தது. எழுத்தைத் தாங்கப் பளபளப்பான சுவரும் இருந்தது. பின்னவரைத் துரைமாரின் கணக்கேடு தலைகளாக மட்டுமே எண்ணியது.

மறுநாள் லயத்தைப் பார்த்தோம். அப்பா சொன்ன கிணறு அப்படியே இருந்தது. அவருடைய பாட்டனார் எந்த ஆண்டில், எவரோடு நடந்து வந்தார் என்று அங்கிருந்தோரில் எவருக்கும் தெரியவில்லை.

உங்கள் வீட்டில் மலையகத்தில் பிறந்த முதியவர் இருப்பின், இன்றே அருகமர்ந்து கேளுங்கள்: எந்தத் தோட்டம், எந்தக் கங்காணி, தமிழகத்தில் எந்தக் கிராமம்? கேட்டதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவையுங்கள்.