பதினாறு வருடம் பனியில் கிடந்த விமானம்

போன பொதுக்குழுவில், பார்க்கிங்கில் துருப்பிடித்து நிற்கும் நான்கு ஸ்கூட்டர்களைப் பற்றி அரைமணி நேரம் பேசினோம், நினைவிருக்கிறதா? எடைக்குப் போட்டுவிடலாம் என்றார் ஒருவர். "பேட்டரி மாத்தினா ஓடும் சார்" என்றார் இன்னொருவர். அப்போது என் மனசு எங்கேயோ போய்விட்டது. அது போன இடம் அண்டார்டிகா. இந்த இதழுக்கு என்ன எழுதலாம் என்று யோசித்துக்கொண்டிருந்த எனக்கு விஷயமும் கிடைத்தது.

வங்கியில் 'டெட் ஸ்டாக் ரிஜிஸ்டர்' என்று ஒன்று உண்டு. மேஜை, நாற்காலி, இரும்புப் பெட்டி எல்லாம் அதில் இருக்கும். வருடா வருடம் தேய்மானம் கழித்துக்கொண்டே வருவோம். கடைசியில் பொருளின் மதிப்பு ஒரு ரூபாய் என்று நிற்கும். பொருள் இருக்கிறது, ஆனால் கணக்கில் இல்லாத மாதிரி. அமெரிக்கக் கடற்படையின் 321 என்ற எண்ணுள்ள விமானமும் பதினைந்து வருடம் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது.

அது ஹெர்குலிஸ் சரக்கு விமானம். நான்கு என்ஜின், சக்கரத்தோடு சேர்த்துப் பெரிய பனிச்சறுக்குக் கட்டைகள். நீளம் சுமார் 30 மீட்டர், இறக்கை முனைக்கு முனை 40 மீட்டர். நம் இரண்டு பிளாக்குக்கும் நடுவே உள்ள இடத்தில் நிற்காது. அண்டார்டிகாவில் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குச் சாப்பாடு, எரிபொருள், ஆட்கள் எல்லாம் கொண்டுபோவது இந்த மாதிரி விமானங்கள்தான். பணம் கொடுத்தது அந்நாட்டின் தேசிய அறிவியல் அறக்கட்டளை, ஓட்டியது கடற்படை.

அங்கே விமானம் ஓட்டுவது என்னவென்று கொஞ்சம் சொல்ல வேண்டும். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் கிளம்பினால் மெக்மர்டோ தளம் ஏறக்குறைய 3,800 கிலோமீட்டர். ஹெர்குலிஸுக்கு எட்டு மணி நேரம். பாதிக்கு மேல் போய்விட்டால் திரும்பி வர எரிபொருள் போதாது. அந்த இடத்தைத் தாண்டிய பிறகு மெக்மர்டோவில் புயல் வந்தால், புயலில்தான் இறங்க வேண்டும். 1970 அக்டோபர் 8-ஆம் தேதி 'பெகாசஸ்' என்ற சூப்பர் கான்ஸ்டலேஷன் விமானம் அப்படித்தான் கண் தெரியாத பனிப்புயலில் இறங்கி இறக்கை பிய்ந்தது. உள்ளே இருந்த 80 பேரும் பிழைத்தது பெரிய அதிர்ஷ்டம். அருகில் பின்னால் அமைத்த விமானத்தளத்துக்கும் பெகாசஸ் என்றே பெயர் வைத்தார்கள்.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1946 டிசம்பர் 30-இல் 'ஜார்ஜ் ஒன்' என்ற கடல் விமானம் தர்ஸ்டன் தீவில் மோதியது. மூன்று பேர் இறந்தார்கள். மிச்சம் ஆறு பேர் 13 நாள் உடைந்த விமானத்துக்குள்ளேயே இருந்து மீட்கப்பட்டார்கள். அந்த மூவரின் உடல்களும் இன்னும் பனிக்கு அடியில்தான் இருக்கின்றன.

இறங்குவது ஒரு பாடு என்றால் மறுபடி எழும்புவது இன்னொரு பாடு. சறுக்குக் கட்டை பனியில் ஒட்டிக்கொள்ளும். இடமும் உயரமானது, காற்று மெலிந்திருக்கும். அதனால் வாலுக்கு முன்னால் பக்கத்துக்கு நான்காக எட்டு ராக்கெட் குப்பிகளை மாட்டுவார்கள். 'ஜாடோ' என்று பெயர். ஒவ்வொன்றும் சுமார் 450 கிலோ உந்துவிசை கொடுக்கும். பதினைந்து விநாடிதான், பிறகு காலி. நம் தீபாவளி ராக்கெட்டின் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1971 டிசம்பர் 4. மெக்மர்டோவிலிருந்து ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர் தள்ளி, டி-59 என்ற இடத்தில் பிரெஞ்சு ஆய்வுக்குழுவுக்குச் சாமான் இறக்கிவிட்டு 321 கிளம்பியது. டி-59 என்றால் ஊர் இல்லை, கட்டடம் இல்லை. வெள்ளை வெளியில் ஒரு அடையாளப் பெயர், அவ்வளவுதான். தரையை விட்டு எழும்பிய சில விநாடிகளில் இடது பக்க ராக்கெட் குப்பி பிய்த்துக்கொண்டு போய் என்ஜினில் அடித்தது. புரொப்பெல்லர் சிதறியது, சில்லுகள் அடுத்த என்ஜினையும் கெடுத்தன. விமானம் பனியில் பொத்தென்று விழுந்தது. யாரும் இறக்கவில்லை. வானிலை விட்டுக்கொடுத்த பிறகு இன்னொரு விமானம் வந்து ஆட்களை ஏற்றிப் போனது. 321 அங்கேயே நின்றது.

பனிக்காற்று வீசும் இடத்தில் எது தடையாக நின்றாலும் அதன் மறைவில் பனி சேரும். சேர்ந்த பனி மறுபடி தடையாகும், இன்னும் சேரும். நம் இந்தியா 1983-84 வாக்கில் அண்டார்டிகாவில் கட்டிய தட்சிண கங்கோத்ரி நிலையம் சில வருடங்களிலேயே இப்படித்தான் புதைந்துபோனது. 321-ம் புதைந்தது. பத்துப் பதினைந்து வருடத்தில் வாலின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது.

இதற்கு நடுவில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் போகக்கூடாது. 1975 ஜனவரியில், 3,200 மீட்டர் உயரத்திலுள்ள டோம் சி என்ற இடத்தில் இன்னொரு ஹெர்குலிஸ் இதே ஜாடோ தொல்லையால் விழுந்தது. அதன் ஆட்களைக் கூட்டிவரப் போன விமானமும் கிளம்பும்போது சேதமானது. அந்த வருடம் நவம்பரில் அங்கே மூன்றாவது விமானமும் அடிபட்டது. காப்பாற்றப் போனதையும் காப்பாற்ற வேண்டிய நிலை. ஆனால் மெக்கானிக்குகள் அந்தக் குளிரில் கூடாரம் போட்டு வேலை பார்த்தார்கள். மூன்றும் அங்கேயே செப்பனிடப்பட்டு ஒவ்வொன்றாகப் பறந்து வந்தன. இதில் கிடைத்த தைரியம்தான் பின்னால் 321 பக்கம் பார்வையைத் திருப்பியிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

1980-களின் நடுவில் கணக்குப் போட்டார்கள். சறுக்குக் கட்டை வைத்த ஹெர்குலிஸ் புதிதாக வாங்கினால் ஏறக்குறைய 3 கோடியே 80 லட்சம் டாலர். 321-ஐத் தோண்டி எடுத்துச் சரிசெய்தால் சுமார் 1 கோடி டாலர். மிச்சம் 2 கோடியே 80 லட்சம். அந்த மாதிரி விமானங்கள் விரல்விட்டு எண்ணும் அளவே இருந்தன, தேவையோ அதிகம். மேனேஜர் இடத்தில் நான் இருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

1986-87 கோடையில் வேலை தொடங்கியது. புல்டோசரால் பெரும் பனியை வாரி, கிட்டே போனதும் உலோகத்தில் கீறல் விழாமல் மண்வெட்டியால் எடுத்தார்கள். கிறிஸ்துமஸ் அன்று விமானத்தைக் குழியிலிருந்து மேலே இழுத்தாயிற்று. குளிரும் வறட்சியுமாக இருந்ததால் உடல் துருவேறாமல் இருந்தது. நம் பார்க்கிங் ஸ்கூட்டருக்கு அந்தப் பாக்கியம் இல்லை, கடல்காற்று! அடுத்த கோடையில் என்ஜின் முதலான சாமான்களைக் கொண்டுவந்து மாட்டிப் பறக்கவிடுவது திட்டம்.

1987 டிசம்பர் 9. உதிரி பாகங்களை ஏற்றிக்கொண்டு டி-59-க்கு வந்த 131 என்ற ஹெர்குலிஸ், இறங்கும்போது விபத்துக்குள்ளானது. இரண்டு பேர் இறந்தார்கள், ஒன்பது பேர் காயமடைந்தார்கள். 321 பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது.

வேலையை நிறுத்தவில்லை. 32 நாள் கழித்து, 1988 ஜனவரி 10 அன்று, பதினாறு வருடம் கழித்து 321 எழும்பியது. சக்கரத்தை உள்ளே மடிக்காமல், தொங்கவிட்டபடியே மெக்மர்டோ வரை பறந்தது. அங்கிருந்து கிறைஸ்ட்சர்ச் போய்ச் சேர்ந்தது. முழுவதும் செப்பனிட்டு மறுபடி பணிக்கு வந்தது.

இப்போது கணக்கைப் பாருங்கள். பழைய விமானம் ஒன்று வரவு. அதைவிட வயதில் இளைய விமானம் ஒன்று செலவு. அந்த 2 கோடியே 80 லட்சம் மிச்சம் அங்கேயே போயிற்று. இரண்டு உயிரை எந்தப் பத்தியில் எழுதுவது?

முடிவு தவறு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அந்த விமானங்கள் தினமும் அப்படிப்பட்ட இடங்களில்தான் இறங்கிக்கொண்டிருந்தன, ஆய்வாளருக்குச் சாமான் கொண்டுபோகும்போதும் விழுந்திருக்கலாம். ஆனால் அன்று 131 டி-59-க்குப் போனது 321-க்காக மட்டுமே. எஸ்டிமேட் போட்டவர்கள் என்ஜின் விலை போட்டார்கள், எரிபொருள் போட்டார்கள், கூலி போட்டார்கள். போக்குவரத்து என்று ஒரு வரி போட்டிருப்பார்கள். அந்த வரிக்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்று யாராவது கேட்டார்களா என்பதுதான் எனக்கு உறுத்தல். முப்பது வருடம் வவுச்சர் பாஸ் செய்த நானும் அந்த வரியை ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

அந்த நான்கு ஸ்கூட்டர் விஷயம் அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் மறுபடி வருகிறது. சொந்தக்காரர்கள் அதற்குள் செயலாளரிடம் ஆர்.சி. நகலைக் கொடுத்துவிடுங்கள்.